அடைப்புக்குறிக்குள் ஒரு ஊர்

கன்ட்ரி பாட்டில் வரும் சிற்றூரை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் கேட்பேன். வராந்தா, மின்மினி, பிக்கப் டிரக். அங்கே யாருக்கும் கடனே இருக்காது. டாலி பார்ட்டனின் 1973 ஆல்பம் 'மை டென்னசி மவுண்டன் ஹோம்' மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாதபடி இருக்கு.

அது தொடங்குவது பாட்டில் இல்லை, ஒரு கடிதத்தில். 1964இல் பள்ளி முடித்த மறுநாளே நாஷ்வில்லுக்குக் கிளம்பியவர், அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தை வாசிக்கிறார். கடைசிப் பாட்டும் அந்த நகரத்தின் மியூசிக் ரோ பற்றியதுதான். மலைவீடு நடுவில் இருக்கிறது. விட்டுவிட்டு வந்தவருக்குத்தானே ஊர் பாட்டாகும்!

தலைப்புப் பாட்டு இனிக்கிறது, சரி. அதே ஆல்பத்தில்தான் 'இன் த குட் ஓல்ட் டேஸ்' இருக்கிறது. அதன் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள், காலம் மோசமாக இருந்தபோது என்று சேர்த்திருக்கிறார். அப்பாவின் கை வெடித்து ரத்தம் வருகிறது. அம்மாவுக்கு டாக்டரிடம் போகக் காசில்லை. அந்த நினைவுகளை டாலி விற்கமாட்டார், திரும்பிப்போய் வாழவும் மாட்டார். பன்னிரண்டு பிள்ளைகள் இருந்த வீடு அது. டாலிக்குப் பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கூலி ஒரு மூட்டை மக்காச்சோள மாவு. அந்த டாக்டருக்கும் இதில் ஒரு பாட்டு உண்டு.

இதைக் கேட்டபிறகு ஜேசன் ஆல்டீனின் 2023 பாட்டு 'ட்ரை தட் இன் எ ஸ்மால் டவுன்' எனக்கு எடுபடவே இல்லை. ஆல்டீன் பிறந்த மேக்கன் சிற்றூரே இல்லை, நகரம், அதைக்கூட விட்டுவிடலாம். வெளியாளை மிரட்டத் தெரிந்த அந்த ஊரில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போவதில்லை, யாரும் வேலைக்கும் போவதில்லை.