'பின்னே போகாதே' என்னும் கட்டளை

இணையத்தில் பணம் கட்டும்போது ஒரு வாசகம் வரும்: 'பேக் பட்டனை அழுத்தாதீர்கள்.' இதைத் தொழில்நுட்ப எச்சரிக்கையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். உண்மையில் இது ஒரு கட்டளை. அழுத்தினால் என்ன ஆகும் என்று அது சொல்வதில்லை. என்ன ஆனாலும் தப்பு அழுத்தினவங்க மேலதான் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறது.

பேக் பட்டன் பிரவுசரின் உறுப்பு. அதாவது வாசகரின் கையில் இருப்பது, பக்கத்தை எழுதியவரின் கையில் அல்ல. இணையத்தின் அடிப்படையான ஹெச்.டி.டி.பி. நெறிமுறை முந்தைய கோரிக்கையை நினைவில் வைப்பதில்லை. ஆகவே ஆரம்பத்தில் பின்னே போவது புத்தகத்தில் ஏட்டைத் திருப்புவது போலத்தான். 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மாண்டுலி குக்கியை உருவாக்கினார். வந்தவரையே மறுபடி அடையாளம் காண சர்வருக்கு வழி பிறந்தது. அதிலிருந்து ஒரே ஆளுக்கு இரண்டு வரலாறுகள்: பிரவுசரில் அவர் பார்த்தவை, சர்வரில் அவர் செய்தவை. பேக் பட்டன் முதலாவதை மட்டுமே நகர்த்தும். கூடையில் போட்ட பொருள் போட்டபடி இருக்கும்.

1999இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2616 இதைக் குழப்பமில்லாமல் பேசியது. பிரவுசரின் வரலாறு, பக்கம் வந்த கணத்தில் பயனர் எதைக் கண்டாரோ அதைக் காட்டவேண்டுமே தவிர, அதன் இன்றைய நிலையை அல்ல. அப்படியானால் பின்னே போவது மறுவாசிப்பு. ரத்து செய்வது அல்ல. இந்த இரண்டையும் பிரித்துவைப்பது நிரல் எழுதுபவரின் வேலை. படிவம் வந்ததும் விடையை அங்கேயே தராமல் வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடலாம். பக்கத்தைப் புதுப்பித்தாலும் படிவம் மறுபடி போகாது. படிவத்துக்கு ஒருமுறை மட்டும் செல்லும் அடையாள எண் கொடுக்கலாம். பின்னே வந்து மறுபடி அனுப்பினால் 'இது ஏற்கெனவே வந்துவிட்டது' என்று சர்வரே சொல்லிவிடும். செலுத்திய பணம் பின்னே போவதால் திரும்பாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லலாம். இவற்றைச் செய்யாத சோம்பல்தான் வாசகருக்கான தடையாக மாறுகிறது.

ஹெச்.டி.எம்.எல். 5 வந்தபோது, பிரவுசரின் வரலாற்றில் பதிவு சேர்க்கும் அதிகாரம் பக்கத்துக்கும் கிடைத்தது. முகவரி மாறாத ஒற்றைப் பக்கச் செயலிகளில் வாசகர் தன் இடத்தைத் தொலைக்காமலிருக்க இது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அதே வசதியைக்கொண்டு பொய்ப் பதிவுகளை அடுக்கி, எத்தனை தடவை அழுத்தினாலும் வெளியேற முடியாதபடி செய்தவர்களும் உண்டு. 2019இல் குரோம், பயனர் தொடாமலே பக்கம் சேர்த்துவைத்த பதிவுகளைத் தாண்டிச் செல்லும் ஏற்பாட்டைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

வந்த வழியே திரும்ப முடிகிற இடத்தில்தான் ஆள் தைரியமாக உள்ளே வருவார். தவறிவிடுமோ என்று பயந்து, அடுத்தவரிடம் ஃபோனைக் கொடுத்து 'நீயே கட்டிடுப்பா' என்று சொல்பவரின் தயக்கத்தை அவருடைய அறியாமை என்று எழுதுவது சுலபம். அந்த பயத்தைத் தயாரித்தது யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.