ஸ்டீரிங் நேராக நின்றால் போதுமா?

ஸ்டீரிங் ரேக் மாற்றிய வண்டியைப் பட்டறையிலிருந்து திரும்ப வாங்க வருகிறவர் ஒன்றைத்தான் பார்க்கிறார். நேரான ரோட்டில் ஸ்டீரிங் கோணாமல் நிற்கிறதா? நின்றால் வேலை சுத்தம். மெக்கானிக்கும் அதைக் காட்டித்தான் கூலி வாங்குகிறார். இந்தச் சோதனை எதை நிரூபிக்கிறது என்று கேட்டால், மிகச் சொற்பம் என்றுதான் சொல்ல வேண்டும். ரேக் தப்பாக உட்கார்ந்த வண்டியிலும் ஸ்டீரிங் நேராக நிற்கும். எல்லாம் முறையாகச் செய்த வண்டியிலும் அது கோணும்.

காரணம், அங்கே பொருந்த வேண்டிய நடுக்கள் மூன்று. பல் வெட்டிய ரேக் தண்டு தன் குழாய்க்குள் இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் சரிபாதியில் நிற்பது ஒன்று. ஸ்டீரிங்கும் அதன் அடியில் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங்கும் நடுவில் நிற்பது இன்னொன்று. முன்சக்கரங்கள் நேராகப் பார்ப்பது மூன்றாவது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு இரண்டாவதில் ஒரு பாதியும் மூன்றாவதும் மட்டுமே தெரியும். முதலாவது வண்டிக்கு அடியில், ரப்பர் பூட்டுக்குள் மறைந்திருக்கிறது. ரேக் மாற்றும்போது மாறுவதோ அந்த முதலாவதுதான்.

நம் பட்டறைகளில் இதற்கு நடக்கும் வைத்தியங்களில் மிகவும் பழையது ஸ்டீரிங்கையே பிடுங்கி நேராக மாட்டுவது. ரேக்கைப் பூட்டி ஓட்டிப் பார்த்தால் ஸ்டீரிங் கோணலாக நிற்கும். நடு நட்டைக் கழற்றி, ஸ்டீரிங்கை உருவி, சில பற்கள் தள்ளி மறுபடி மாட்டிவிடுவார்கள். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 போன்ற வண்டிகளில் இதைச் செய்து யாருக்கும் பெரிய கேடு வந்ததில்லை. ஸ்டீரிங்கில் ஹாரன் தவிர வேறு மின்சார வேலை இல்லாத காலம் அது. அந்தப் பழக்கம் கையில் அப்படியே தங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். சட்டையில் முதல் பட்டனை மாற்றிப் போட்டுவிட்டுக் காலரை இழுத்துச் சரிசெய்கிற வேலை இது. பிழை இருக்கும் இடத்தில் யாரும் கை வைக்கவில்லை.

அந்தப் பிழை எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோடிக்குக் கோடி மூன்றரைச் சுற்று சுற்றும் ஸ்டீரிங், ஒரு சுற்றுக்கு 44 மி.மீ. நகரும் ரேக் என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். மொத்த ஓட்டம் 154 மி.மீ.; நடுவிலிருந்து இரு பக்கமும் 77 மி.மீ. ரேக்கை நகர்த்தும் பினியன் தண்டைக் கால் சுற்றுத் தவறாகக் கோத்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ரேக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராடில் சக்கரங்களை நேராக்கிவிட்டால், பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் ரேக் 11 மி.மீ. தள்ளி நிற்கிறது. ஒரு பக்கம் ஒன்றரைச் சுற்றில் முட்டும். மறுபக்கம் இரண்டு சுற்றுப் போகும். ஒடுக்கமான தெருவில் இடதுபுறம் ஒரே வெட்டில் திரும்புகிற வண்டி வலதுபுறம் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். அதிகம் போகிற பக்கத்தில் டயர் உரசலாம். முன்சக்கர இயக்க வண்டியில் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் தனக்கு விதித்த கோணத்தைத் தாண்டி மடங்கலாம். டை ராடுகளின் உள்மூட்டுகள் இடமும் வலமும் சமமாக இல்லாததால், பள்ளத்தில் இறங்கும்போது இரு சக்கரங்களும் ஒரே அளவில் திரும்பாது. இவற்றில் எதையும் நேரான ரோட்டில் கண்டுபிடிக்க முடியாது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. 36 பல் கொண்ட தண்டில் ஒரு பல் தவறினால் 10 பாகை. நம் கணக்கில் ரேக்கில் வெறும் 1.2 மி.மீ. அதற்காக எல்லாவற்றையும் மறுபடி இறக்கு என்று சொல்வது வீம்பு. அவ்வளவு சிறிய வித்தியாசத்தை டை ராடுகளே தாங்கிக்கொள்ளும். ஆனால் அதை டை ராடில்தான் தீர்க்க வேண்டும். ஒன்றை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு மற்றதைச் சுருக்கினால் டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறாது, ஸ்டீரிங் மட்டும் திரும்பி நேராகும். ஸ்டீரிங் கோணத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில், தண்டின் மேல் ஸ்டீரிங்கை நகர்த்தி மாட்டினால் நேராக ஓடும்போதும் வண்டி திரும்புவதாகவே சென்சார் சொல்லக்கூடும். அதை நம்பித்தான் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பிரேக் பிடிக்கிறது.

பழைய வைத்தியத்தை இன்று முழுக்க ஒதுக்கச் சொல்லும் காரணம் கிளாக் ஸ்பிரிங். 2019 ஜூலை முதல் இந்தியாவில் புதுக் கார்களுக்கு ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அந்த ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடாதான் இது. கோடிக்குக் கோடி சுமார் ஐந்து சுற்று தாங்கும் ஒன்றை எடுத்துக்கொண்டால், நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் இரண்டரை. ரேக்கைக் கழற்றிக் கீழ் ஜாயிண்ட் விலகிக் கிடக்கும்போது, யாரோ ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறுகிறார். அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடுகிறது. முழுச் சுற்று என்பதால் ஸ்டீரிங் பழையபடி நேராகவே தெரியும். அப்படியே பூட்டினால் ஒரு பக்கம் நாடாவில் மிச்சம் ஒன்றரைச் சுற்றுதான். ரேக்குக்கு வேண்டியது ஒன்றேமுக்கால். முதல் முறை ஸ்டீரிங்கை முழுக்க வெட்டும்போதே நாடா அறும். ஏர்பேக் விளக்கு எரியும், ஹாரன் ஊமையாகும். ஜாயிண்ட் ஒரே நிலையில் மட்டும் ஏறும்படி செய்த வண்டிகளிலும் இந்த முழுச் சுற்றுப் பிழையை அந்த ஜாயிண்ட் தடுக்காது. சாவியை எடுத்து ஸ்டீரிங்கை லாக் செய்து, சீட் பெல்ட்டை அதன் ஊடாக இழுத்து மாட்டிவைப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் ரேக்கில் கை வைக்கும் பட்டறையை நான் நம்பமாட்டேன்.

பட்டறைகளின் அடுத்த வைத்தியம், கழற்றும் முன் பெயின்ட் குறி போட்டு, டை ராடு எண்டு எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணிப் புதியதில் அதே எண்ணிக்கைக்கு ஏற்றுவது. இது நேர்மையான முயற்சி. கழற்றிய ரேக்கையே திரும்பப் பூட்டினால் போதுமானதும்கூட. புது ரேக் என்றால் கதை வேறு. கடையிலிருந்து வருவது நடுவில் நிற்கும் என்று நம்ப முடியாது. பினியன் பற்களின் நிலையும் மாறியிருக்கலாம். வேறு கம்பெனி ரேக் எண்டின் நீளமும் மாறும். மரையை எண்ணுவதைவிட, உள்மூட்டு முதல் எண்டின் பந்து மையம் வரை நீளத்தை அளப்பது மேல். அதைவிட முக்கியம், பழைய வண்டியே தப்பாக இருந்திருந்தால் குறியும் எண்ணிக்கையும் அந்தத் தப்பைப் பத்திரமாகப் புது ரேக்குக்கு மாற்றிக் கொடுத்துவிடும். இந்த முறை வண்டியை அலைன்மெண்ட் கடை வரை ஓட்டிப் போக உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

என் தீர்ப்பு, வேலையை ரேக்கிலிருந்து தொடங்குகிறவர் பக்கம். புது ரேக்கை மேசையில் வைத்து இரு கோடிக்கும் ஓட்டி, இரு பக்கமும் வெளியே நீளும் அளவைக் கம்பெனி சொல்லும் கணக்குக்கு நிறுத்த வேண்டும். லாக் செய்த ஸ்டீரிங்கோடு அதைக் கீழ் ஜாயிண்டில் கோக்க வேண்டும். டை ராடுகளை இரு பக்கமும் சம நீளத்துக்கு வைத்து, ஸ்டீரிங்கை நடுவில் பிடித்துக் கட்டி, இரண்டு டை ராடிலும் டோ வைக்க வேண்டும். ஒரு பக்க டை ராடை மட்டும் திருகி டோவைச் சரியாக்கும் அலைன்மெண்ட்காரர்தான் பல வண்டிகளில் கோணலுக்கே காரணம். திருகும்போது ரப்பர் பூட்டின் கிளிப்பைத் தளர்த்தாவிட்டால் பூட்டும் முறுக்கிக்கொண்டு கிழியும்; உள்ளே தண்ணீரும் மண்ணும் போனால் புது ரேக்கும் பழசுதான்.

இப்படிச் செய்தும் ஸ்டீரிங் கோணலாக நின்றால், ரேக்கைக் குற்றம் சொல்லும் முன் பின் ஆக்ஸிலைப் பார்க்க வேண்டும். அது ஒரு பக்கம் சாய்ந்து தள்ளினால் முன்சக்கரங்களும் அதற்கு ஈடு கொடுத்துத் திரும்பியே ஓடும். முன்சக்கரங்களில் மட்டும் கருவி மாட்டி அளக்கும் கடையில் இது தெரியாது. நான்கு சக்கரமும் அளக்க வேண்டும். ரோடு இடப்பக்கம் சரிந்திருந்தாலும் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தே ஓட்ட வேண்டிவரும்.

ஆகவே வண்டியை வாங்க வருகிறவர் நேரான ரோட்டுக்குப் போகும் முன், இன்ஜினை ஓடவிட்டு, நடுவிலிருந்து இடக்கோடிக்கு எத்தனை சுற்று, வலக்கோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்க்கட்டும். குனிந்து இரு டை ராடிலும் வெளியே தெரியும் மரையை ஒப்பிடட்டும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்து ஸ்டீரிங் நாலைந்து பாகை கோணினால் அது அலைன்மெண்ட் கடையில் தீரும் விஷயம். ஸ்டீரிங் நேராக நின்று சுற்றுகளில் அரைச் சுற்று வித்தியாசம் வந்தால், வேலை முடியவில்லை. கூலியைக் கொடுக்காமல் வண்டியைத் திரும்ப லிஃப்டில் ஏற்றச் சொல்லலாம். ஸ்டீரிங்கைப் பிடுங்கி மாட்டுவது நியாயமாகும் இடம் ஒன்றே ஒன்று: ரேக் நடுவில் நிற்பதை அளந்து பார்த்த பிறகும், முன்பு யாரோ ஸ்டீரிங்கைப் பல் தவறி மாட்டியிருப்பது தெரியவந்தால்.