பிடிப்பதும் விடுவதும்

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில், மலையை வெட்டிய இடங்களில் மங்கலான எண்ணெய்ப் பளபளப்போடு கருநீலப் பாறை தெரியும். ஊரார் வாயில் அது வெறும் கருங்கல். நிலவியலார் சார்னோகைட் என்பார்கள். கல்வராயன் மலையின் பெரும்பகுதி அதுதான். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்த கல்.

தென்னிந்தியச் சார்னோகைட்டில் உள்ள குவார்ட்ஸை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராத சிற்றறைகள் வரிசை பிடித்து நிற்பதைப் பரவலாகக் காணலாம். அவற்றுக்குள் இருப்பது கரியமில வாயு. வரிசைக்குக் காரணம் உண்டு: என்றோ விட்ட விரிசல் ஒன்று வாயுவோடு சேர்ந்து மூடிக்கொண்ட தடம் அது. பல அறைகளின் சுவர்கள், குவார்ட்ஸ் படிகம் எந்தக் கோணத்தில் வளருமோ அதே கோணத்தில் செதுக்கியதுபோல் இருக்கின்றன. படிகத்தின் உருவமே வெற்றிடமாக வார்க்கப்பட்டிருக்கிறது. உலகத்து நுண்வேலைகளில் இதற்கு இணையாக நான் வைக்கக்கூடியவை மிகச் சில.

இன்னும் நயமானது உள்ளே இருப்பதன் நடத்தை. சில அறைகளில் வாயு அழுத்தத்தால் திரவமாகிக் கிடக்கும், அதன் நடுவே ஒரு குமிழி நடுங்கிக்கொண்டிருக்கும். கல்லை லேசாகச் சூடாக்கினால் 31 டிகிரியை எட்டுவதற்குள் குமிழி மறையும். ஆறவிட்டால் திரும்ப வரும். உறையவைத்துப் பின் மெல்ல உருகவிட்டால் மைனஸ் 56.6 டிகிரியில் உருகும். கலப்பில்லாத கரியமில வாயு என்பதற்கு அதுவே அத்தாட்சி. கற்களுக்குள் ஒளிந்த இத்தகைய திரவங்களை டேவிட் புரூஸ்டர் 1820களிலேயே பார்த்து எழுதிவிட்டார். அது என்ன திரவம் என்று தெளியப் பின்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போனால் இதே வாயுவை இன்னொரு கோலத்தில் பார்க்கலாம். ஏற்காட்டின் அடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கங்களில், மக்னீசியம் மிகுந்த பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கலந்த நீர் இறங்கி, வெள்ளை நரம்புகளாக மேக்னசைட் ஆகியிருக்கிறது. அந்தக் கல்லின் எடையில் 52 சதவீதம் கரியமில வாயு. சூளையில் போட்டுச் சுட்டால்தான் வெளியே வரும்.

சேமித்து வைக்க இந்த இரண்டையும் விட உறுதியான இடம் கிடையாது. ஆனால் புகைபோக்கியிலிருந்து வாயுவைப் பிரித்தெடுக்க இவ்வளவு இறுக்கம் ஆகாது. பிடிக்கவும் வேண்டும், கேட்டதும் விடவும் வேண்டும். அடுத்த சுற்றுக்கு இடம் காலியாக வேண்டுமே. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016இல் தொடங்கிய ஏற்பாடு, நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை பிரித்துச் சோடா சாம்பலாக்குவதற்கானது. அங்கே பிடிப்பது ஒரு கரைசல். கரைசல்கள் பொதுவாக வேதிப் பிணைப்பால் பிடிப்பவை, ஆகவே விடுவிக்க நீராவிச் செலவு உண்டு.

திடப்பொருளின் பரப்பில் ஒட்டவைப்பது வேறு கலை. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் சுட்டெடுக்கும் தேங்காய்ச் சிரட்டைக் கரியை நீராவியால் பதப்படுத்தினால் ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு! எண் வியப்பூட்டுகிறது, ஆனால் என் மனம் நிற்பது துளையின் அகலத்தில். கரியமில வாயு மூலக்கூறின் குறுக்களவு 0.33 நானோமீட்டர். சிரட்டைக் கரியில் அதைப்போல் இருமடங்கே அகலமுள்ள இடுக்குகள் ஏராளம். அகன்ற துளையில் ஒரு சுவர் மட்டும் இழுக்கும். இந்த இடுக்கில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து இழுக்கின்றன. இருந்தும் பிடி மென்மையானது, மோலுக்குச் சுமார் 25 கிலோஜூல். அழுத்தத்தைக் குறைத்தால் போதும், விட்டுவிடும்.

சியோலைட் 13எக்ஸ் என்னும் நுண்துளைப் படிகம் இன்னும் தேர்ந்து பிடிக்கிறது. கரியமில வாயு நேர்க்கோடாக நிற்கும் மூலக்கூறு. நடுவில் கார்பனில் சற்று நேர்மின்சாயல், இரு முனை ஆக்சிஜன்களில் எதிர்மின்சாயல். மொத்தத்தில் சமன்தான், ஆனால் சியோலைட்டின் சோடியம் அயனி அந்த முனையை அடையாளம் கண்டு இழுக்கிறது. நைட்ரஜனிடம் இந்தச் சாயல் குறைவு, அதனால் பெரும்பாலும் தப்பிப் போகிறது.

உள்ளே விரவிச் செல்லும் வழியில்தான் எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் இருக்கிறது. படிகத்தின் ஒடுங்கிய துளைகள்தான் தாமதப்படுத்தும் என்று தோன்றும். அது சரியல்ல. 13எக்ஸ் மணி என்பது மிகச் சிறிய படிகங்களைக் களிமண்ணால் சேர்த்து உருட்டியது. மூலக்கூறு தேங்குவது பெரும்பாலும் படிகங்களுக்கு இடையிலான அகன்ற சந்துகளில். அங்கே நைட்ரஜன் கூட்டத்தோடு இடித்துக்கொண்டே நகர வேண்டும். படிக வாசலை எட்டியபின் நுழைவு சட்டென்று நடந்துவிடுகிறது. எனவே வேகம் வேண்டுமென்றால் படிகத்தைத் தொட வேண்டாம், மணியைச் சிறிதாக்கினாலே போதும்.

ஈரம் வந்தால் சியோலைட்டின் திறமை சரிகிறது. புகையில் நீராவி எப்போதும் உண்டு, சோடியத்துக்கு நீர்தான் முதல் உறவு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசு குழுவினர் துத்தநாகம், டிரையசோல், ஆக்சலேட் மூன்றையும் கோத்து உருவாக்கிய கால்ஃப்-20 இங்கேதான் ஒளிர்கிறது. அதன் முழு விவரம் 2021இல் வெளியானது. 2025இல் கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் பெற்றுத்தந்த உலோகக் கரிமக் கட்டமைப்புகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை நீரை ஒதுக்கிக் கரியமில வாயுவுக்கே இடம் கொடுக்கிறது. நீர் தங்க வேண்டுமானால் மூலக்கூறுகள் தம்முள் கைகோக்க வேண்டும். குறைந்த ஈரத்தில் அந்தச் சிற்றறைக்குள் அதற்குப் போதிய துணை சேர்வதில்லை. கரியமில வாயுவுக்குத் துணை தேவையில்லை. அறையின் நடுவே அது தனியாகவே பொருந்துகிறது, சுற்றுச் சுவர்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கின்றன.