முதலில் தூரம், பிறகு தோட்டா

திருவண்ணாமலைப் பக்கம் வேட்டைத் துப்பாக்கி என்றால் ஜவ்வாது மலையில் அவ்வப்போது பறிமுதலாகும் நாட்டுத் துப்பாக்கிதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். ஆனால் வேட்டை அனுமதியுள்ள நாடுகளில், நெடுந்தூரம் சுட ரைஃபிளைச் சொல்லிச் செய்து வாங்கும் பழக்கம் பெருகிவிட்டது. அதன் தர்க்கத்தை எடைபோட நம் காடும் உதவும்.

அந்தப் பழக்கத்தின் பலம் கணக்கில் இருக்கிறது. நீண்டு மெலிந்த குண்டு காற்றில் வேகத்தைக் குறைவாகவே இழக்கும். ஆனால் அது நிலையாகப் பறக்க வேகமாகச் சுழலவேண்டும். ஆகவே குழலின் உள்வரிகள் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவில் முறுக்கியிருக்கும். குழல் நீண்டால் வேகம் கொஞ்சம் கூடும், தோளில் சுமையும் கூடும். பெரிய மேக்னம் தோட்டாவின் மருந்து குழலின் தொண்டையைச் சீக்கிரம் அரித்துவிடும். 2007இல் வந்த 6.5 கிரீட்மூர் பெயர் வாங்கியது அசுர பலத்தால் அல்ல. உதை குறைவு, சுடுபவர் மிரள்வதில்லை.

கோளாறு வேறிடத்தில். 500 கெஜம் கடக்க அந்தக் குண்டுக்கே அரை நொடிக்கு மேலாகும். அதற்குள் மான் ஓரடி வைத்தால், நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும். எவ்வளவு விலை கொடுத்த குழலும் இதைத் திருத்தாது. காயம்பட்ட விலங்கைப் பள்ளத்தாக்கின் மறுகரையில் தேடும் வேலையும் மிச்சம்.

பெங்களூருவைச் சேர்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஜவளகிரிக் காடுகளில் சுமந்தது .405 வின்செஸ்டர். 300 கிரெய்ன் குண்டு, நொடிக்குச் சுமார் 2,200 அடி வேகம். 200 கெஜம் தாண்டினால் மளமளவென்று தாழும். நெடுந்தூரக்காரர்களின் அட்டவணையில் அதற்குக் கடைசி வரிசைதான். உண்ணிச்செடிப் புதரில் சில பத்து கெஜத்துக்கு மேல் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அங்கே கனமான குண்டும், நெம்புகோலை இழுத்து உடனே போடும் அடுத்த வெடியும்தான் உயிரைக் காக்கும். அந்தக் காட்டுக்கு அது சரியான தேர்வு.

அதற்காகப் பழைய ஷிகாரிகளைக் கொண்டாடவும் மனம் வரவில்லை. கிட்டத்திலிருந்தும் தவறாகச் சுட்டவர்கள் ஏராளம். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியின் கோரைப்பற்கள் உடைந்ததற்குப் பழைய துப்பாக்கிக் காயமே காரணம் என்று எழுதியவர் அதைச் சுட்டுக்கொன்ற ஜிம் கார்பெட்.

சில சமயம் காடு அல்ல, சர்க்காரின் பயமே தோட்டாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ராணுவத்தின் .303 பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாதென்றுதான் இங்கே .315 வேரூன்றியது, இச்சாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை அதைத் தயாரித்தது. குழலையும் மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் சுகம் நம் உரிமதாரருக்கு வாய்க்கவேயில்லை.

என் கட்சி இது: வேட்டைக்கென்றால் நடுத்தரத் தோட்டா, 24 அங்குலக் குழல், 300 கெஜத்தோடு நிறுத்தம். அதற்கு மேல் ஆசைப்படுகிறவருக்கு இலக்குப் பலகை இருக்கிறது; அது நகர்வதில்லை, தவறினால் வலிப்பதுமில்லை.