தாமாரின் கூக்குரலும் பல்கலைக்கழக விதிகளும்

உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளை, இறையியல் மாணவர் படிக்கவேண்டியவற்றின் வரிசையில் எவரும் சேர்ப்பதில்லை. சேர்க்கவேண்டும் என்பதே நமது கருத்து. இன்று நம்மிடம் பயில்வோரில் பலர் நாளை விடுதிக் காப்பாளராகவும் கல்லூரிக் குருவாகவும் பள்ளித் தாளாளராகவும் அமர்வர். அந்நாளில் ஒரு மாணவி அழுதுகொண்டு கதவண்டை வந்து நிற்பாள். அவளிடம் நாம் முதலாவது கூறப்போகும் சொல் யாது? இக்கேள்வியை முன்வைத்தே அவ்விதிமுறைகளை 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தோடு சேர்த்துப் படித்துத் திறனாய முற்படுகிறோம்.

இவ்விதிகள் எளிதில் பிறந்தவை அல்ல. ராஜஸ்தானில் குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணிப்பெண் ஒருவருக்கு 1992இல் கொடுமை இழைக்கப்பட்டது. அதன் விளைவாகப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், 1997இல் உச்சநீதிமன்றம் பணியிடங்களுக்கான நெறிமுறைகளை வகுத்தது. அவை சட்டமாவதற்குப் பதினாறு ஆண்டுகள் சென்றன. 2012 டிசம்பரில் டில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின், 2013இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் மானியக் குழுவின் ‘சக்ஷம்’ அறிக்கையும் வெளிவந்தது. 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் இவற்றின் வழிவந்தவை.

விதிமுறைகளின் சிறப்புகளை முதலில் கூறுவது முறை. ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மூத்த பெண் ஆசிரியர் ஒருவரின் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு அமையவேண்டும். உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்களாக இருத்தல் வேண்டும். வெளியிலிருந்தும் ஒருவர் வரவேண்டும். மாணவர் தொடர்பான புகாராயின், மாணவரே தேர்ந்தெடுத்த மாணவப் பிரதிநிதிகள் மூவர் அமரவேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பினர் உறுப்பினராகலாகாது. விசாரணை 90 நாட்களுக்குள் முடியவேண்டும். அதுவரை, குற்றஞ்சாட்டப்பட்டவர் புகார் செய்தவரின் தேர்வையோ ஆய்வையோ மதிப்பிடாதபடி தடுக்கவும் வழியுண்டு. மதிப்பெண்ணைக் கையில் வைத்திருப்பவரின் அதிகாரம் எத்தகையது என்பதை இதை எழுதியவர்கள் அறிந்திருக்கின்றனர்.

இனி தாமாரிடம் வருவோம். பிலிஸ் டிரிபிள் 1984இல் எழுதிய நூலில், திருமறையின் கொடூரக் கதைகளுள் ஒன்றாக இதனைப் படித்துக் காட்டியபின், இப்பகுதியைத் தாவீதின் குடும்பக் கலகத்திற்கு முன்னுரையாக மட்டும் கருதுவது இயலாது. அம்னோனால் கெடுக்கப்பட்டுத் துரத்தப்பட்ட தாமார், தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, பலவர்ண வஸ்திரத்தைக் கிழித்து, சத்தமிட்டு அழுதுகொண்டு போகிறாள். இது துக்கம் மட்டுமன்று. ஊரறியச் செய்யும் புகாரும் ஆகும். அவளை எதிர்கொள்ளும் அப்சலோம் கேட்கும் கேள்வியிலேயே அம்னோனின் பெயர் இருக்கிறது. என்ன நடந்திருக்கும் என்பதை அவன் ஊகித்துவிட்டான். ஆயினும் அவன் கூறும் புத்தி, இப்போதைக்குப் பேசாமலிரு என்பதே. அதற்கு அவன் காட்டும் காரணம், செய்தவன் சகோதரன் என்பது. அதன்பின் இவ்வரலாற்றில் தாமார் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

தாவீதோ மிகவும் கோபமடைகிறான், செய்தது ஒன்றுமில்லை. எபிரேய மூலத்தில் காணப்படாத ஒரு காரணத்தை, எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பும் கும்ரானில் கிடைத்த சாமுவேல் சுருள் ஒன்றும் தருகின்றன. அம்னோன் தலைமகன், அரசன் அவனை நேசித்தான், ஆகவே அவன் மனதை நோகச்செய்ய விரும்பவில்லை. மூலபாட ஆராய்ச்சியாளர் இவ்வாக்கியம் மூலத்தைச் சேர்ந்ததா என வாதிக்கட்டும். நிறுவனங்களில் பணியாற்றியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒரு தலைமகன் உண்டு. அவர் நன்கொடை கொண்டுவருபவராகவோ, பெயர்பெற்ற பேராசிரியராகவோ, ஆயரின் உறவினராகவோ இருப்பார். அம்னோனுக்குத் தந்திரம் சொல்லிக்கொடுத்த யோனதாபே பின்னர் அரசனுக்கு நிலைமையை விளக்கும் ஆலோசகனாக நிற்பதும் நாம் காணாத காட்சியன்று.

விதிமுறைகளின் குறை இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. குழு விசாரிக்கும், பரிந்துரைக்கும். நிறைவேற்றவேண்டியவர் நிர்வாகத் தலைவரே. தாவீதை நீதிமன்றத்திலிருந்து விலக்கிய விதி, தண்டனையை மீண்டும் தாவீதின் கையிலேயே ஒப்படைக்கிறது. புகாரை மூன்று மாதங்களுக்குள் கொடுக்கவேண்டும். தக்க காரணமிருந்தால் மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். ஆய்வேட்டுக்கு வழிகாட்டியின் கையொப்பம் வேண்டி ஐந்தாண்டுகள் காத்திருக்கும் ஒரு மாணவிக்கு இக்காலம் போதாது. தீய நோக்குடன் பொய்ப்புகார் கொடுப்பவருக்குத் தண்டனை உண்டு என்ற பிரிவும் இருக்கிறது. நிரூபிக்க இயலாமை மட்டும் பொய்யாகிவிடாது என்று விதியே தெளிவுபடுத்துகிறது. ஆனால் அலுவலக அறையில் அவளுக்குப் படித்துக் காட்டப்படுவது முதற்பகுதி, விளக்கம் படிக்கப்படுவதில்லை. அதே வேளையில், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் தம் பக்கத்தைச் சொல்ல உரிமையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. இரு தரப்பையும் கேட்பது நீதி. ஒரு தரப்பை வாய் திறக்கவிடாமற் செய்வது நீதியன்று.

இரகசியம் வேறு, மவுனம் வேறு. புகார் செய்தவரின் அடையாளத்தைக் காப்பது இரகசியம்; நிறுவனத்தின் பெயரைக் காப்பது மவுனம். 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் தாக்கப்பட்டபோது, அவரது அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியில் கசிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் பெண் காவல் அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, அம்மாணவிக்கு 25 இலட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூனில், வெளியாளான குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவள் வாய் திறந்ததனாலேயே நீதி கிடைத்தது. காக்கவேண்டிய இரகசியத்தையோ காக்கவேண்டியவர்கள் காக்கவில்லை.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப்பின் நிர்வாகங்கள் முதலாவது செய்வது, பெண்கள் விடுதியின் கதவை இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகப் பூட்டுவது. 2015இல் டில்லி மாணவியர் ‘கூண்டை உடை’ என்னும் பொருள்பட ‘பிஞ்சரா தோட்’ இயக்கத்தைத் தொடங்கியது இதனாலேயே. பாதுகாப்பைக் காரணங்காட்டி ஆண்களுக்கில்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதிகளில் விதிக்கலாகாது என மானியக் குழுவின் விதிமுறைகளே கூறுகின்றன. தாமார் அப்சலோமின் வீட்டில் பாழாய்த் தங்கியிருந்தாள் என்கிறது திருமறை. அவள் பாதுகாப்பாகத்தான் இருந்தாள். அம்னோனோ இரண்டு ஆண்டுகள் தடையின்றி நடமாடினான். அடைத்து வைக்கப்பட்டவள் யார் என்று பாருங்கள்.

நமது திருச்சபை நிறுவனங்களைப்பற்றியும் ஒன்று கூறவேண்டும். 2019 ஆகஸ்டில், கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர், தமக்கெதிரான உள்ளகக் குழுவின் முடிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், அம்முடிவில் தலையிட உயர்நீதிமன்றம் மறுத்தது. கிறிஸ்தவ நிறுவனங்களில் இருபாலர் கல்வி பாதுகாப்பற்றது எனப் பெற்றோர் கருதுவதாகவும் தீர்ப்பில் ஒரு குறிப்பு இருந்தது. அதற்கு எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களில் நீதிபதி அதனை நீக்கினார். நீக்கியது சரியே. ஆனால் அந்த வாரங்களில் நம்மிடையே நடந்த உரையாடல்களை நினைத்துப் பார்ப்போமாக. நம் பெயருக்கு நேர்ந்த களங்கத்தைப்பற்றிப் பேசியதில் பாதியளவேனும் அம்மாணவியரைப்பற்றிப் பேசினோமா?

பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை. நாம் இளங்குருவாக ஒரு விடுதியின் பொறுப்பிலிருந்த நாட்களில், ஒரு மாணவி வந்து ஒரு பெரியவரைப்பற்றிச் சொன்னாள். தேர்வு முடியும்வரை பொறுத்திரு, ஜெபம் பண்ணு, மன்னிக்கக் கற்றுக்கொள் என்றோம். விடுமுறைக்குச் சென்றவள் திரும்பவில்லை. சிக்கல் தீர்ந்தது என எண்ணி நிம்மதியடைந்தோம். பல ஆண்டுகளுக்குப்பின் வகுப்பில் இந்த அதிகாரத்தைப் போதிக்கையில்தான், அன்று நாம் பேசியது அப்சலோமின் மொழி என உணர்ந்தோம். மன்னிப்பு என்னும் நற்செய்திச் சொல்லை வாய்ப்பூட்டாக மாற்றியிருந்தோம்.

விதிகள் தேவை, குறைகள் திருத்தப்படவேண்டும். ஆயினும் எந்த விதியும் முதல் சொல்லை நமக்காகச் சொல்லித் தராது. கதவண்டை நிற்பவளிடம் ‘பேசாமலிரு’ என்பதும் ‘சொல், கேட்கிறோம்’ என்பதும் நம் கையிலேயே இருக்கின்றன. தாமாருக்கு அந்த இரண்டாவது சொல்லைச் சொல்ல அரண்மனையில் ஒருவரும் இருக்கவில்லை. நம் விடுதிகளைக் குறித்தும் பின்வருவோர் அவ்வாறே எழுதும்படி நேரலாகாது.