மறைந்த ஞாயிறும் மாறாத திங்களும்

புகழின் உச்சியில் நின்றோர், அதனை இழந்தபின் மீண்டும் எய்த விழைதல் மக்கள் இயல்பு. அவ்விழைவைச் சங்கச் சான்றோர் எங்ஙனம் நோக்கினர் என்பதை ஈண்டு ஆராய்வோம். இதற்குத் துணையாவன புறநானூற்றின் 112, 174ஆம் பாட்டுகள். இரண்டும் மலையமான் நாட்டோடு தொடர்புடையன. கல்வராயன் மலைக்குக் கிழக்கே, பெண்ணையாற்றின் தென்கரையில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் விளங்கும் திருக்கோவலூரே அந்நாட்டின் தலைநகர்.

174ஆம் பாட்டு, மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணனை மாறோக்கத்து நப்பசலையார் பாடியது. அரசிழந்த சோழன் ஒருவன் முள்ளூர் மலையில் ஒளிந்திருந்தான். மலையமான் குடியினர் அவனது வெண்கொற்றக்குடையை மீண்டும் நிலைநிறுத்தினர். அவுணர் ஒளித்த ஞாயிற்றைத் திருமால் மீட்டுத் தந்தமையைப் புலவர் இதற்கு உவமையாக்குகிறார். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. ஞாயிறு தன் ஒளிக்கு ஏங்கியதாகப் புலவர் கூறவில்லை. உலகம் இருளில் வருந்தியது என்றே கூறுகிறார். சோழனின் ஏக்கமும் பேசப்படவில்லை. காவிரி நாட்டின் அல்லல் தீர்ந்ததே பேசப்படுகிறது.

112ஆம் பாட்டு பாரிமகளிர் பாடியது. பாரி இறந்தபின் கபிலர் அம்மகளிரைக் கோவலூர்ப் பக்கம் கொணர்ந்தார் என்னும் வழக்கைத் திருக்கோவலூர்க் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டும் காட்டும். சென்ற திங்களின் நிலவும் இத்திங்களின் நிலவும் ஒன்றே. ஆயின் தந்தையும் இல்லை, குன்றும் தமதன்று. அவர்கள் எதனையும் மீட்டுத் தருமாறு வேண்டவில்லை. அதனாலேயே அப்பாட்டின் துயரம் நம்மை விட்டு நீங்குவதில்லை.

இவ்வேறுபாடு படைவலிமையால் வந்ததேயன்றிப் புலவர் நோக்கால் வந்ததன்று எனச் சிலர் கூறலாம். சோழனுக்குத் துணைவர் இருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் வென்ற படையைப் பாடத் தொடங்காது, இருண்ட உலகைப் பாடத் தொடங்கியது புலவர் நோக்கேயாம்.

இந்நோக்கு நம் காலக் கலைஞர் வாழ்வையும் விளக்கும். எம். கே. தியாகராச பாகவதர் நடித்து 1944இல் வெளிவந்த 'அரிதாசு' சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்வாண்டே கொலை வழக்கொன்றில் சிறைப்பட்ட அவர், 1947இல் குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். 1948இல் வந்த 'இராசமுக்தி' வெற்றி பெறவில்லை. 1952இல் வந்த 'அமரகவி'யும் பழைய நிலையை மீட்டுத் தரவில்லை. 1959இல் அவர் மறைந்தார். குரல் தேய்ந்தது எனக் கூறி இதனை முடித்துவிடுதல் பொருந்தாது. 1952இல் 'பராசக்தி' வந்தபோது மக்கள் பாட்டினும் உரையாடலையே மிகுதியாக நாடினர். பாகவதர்பால் அன்பு குன்றவில்லை. அவரின்றி உலகம் இருளவில்லை, அவ்வளவே.

ஆதலின், மீட்சி என்பது இழந்தோரின் விழைவால் மட்டும் அமைவதன்று; பிறரது தேவையாலும் அமைவது என யாம் துணிகிறோம். தேவை நீங்கியவிடத்து எஞ்சுவது பாரிமகளிர் கண்ட நிலவே. அதனைத் தோல்வி என்று தள்ளாது, பாட்டாகக் கொள்ளுதல் திறனாய்வாளர் கடன்.