ஸ்பாஞ்ச் சதையும் கல் சதையும்

ராஜபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் விழா. மண்டப வாசலில் ஹல்க் வேஷம் போட்ட ஒருவர் நின்று குழந்தைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். பச்சை உடம்பு, அகன்ற மார்பு, வயிற்றில் கட்டுக்கட்டாகச் சதை, எல்லாம் பக்காதான். ஒரு நாலு வயசுப் பையன் அந்த வயிற்றில் ஒரு குத்து விட்டுப் பார்த்துட்டு, "மாமா, இது தலையணை" என்றான். அவன் சொன்ன விமர்சனத்துக்கு நான் எழுதும் உரைதான் இந்தக் குறிப்பு.

எங்கே தப்பு? ஸ்பாஞ்சில் இல்லை. போட்டோவில் அந்த உடை நிஜம் மாதிரியே இருந்தது. கையைத் தூக்கியதும் மொத்த மார்பும் கழுத்துக்கு ஏறியது. மார்பு, தோள், வயிறு மூன்றையும் ஒரே தகடாகத் தைத்திருந்தார்கள். நிஜ உடம்பு அப்படி இல்லை. மார்புத் தசை நெஞ்செலும்பிலும் காறை எலும்பிலும் தொடங்கி, மேற்கை எலும்பில் போய் முடிகிறது. கையைத் தூக்கினால் அது நீண்டு மெலியும், இறக்கினால் திரளும். உடையிலும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு தசையையும் தனித்தனி ஸ்பாஞ்சாக வெட்டணும். உடம்பை ஒட்டிய உள்ளாடையில் இரண்டு முனையை மட்டும் ஒட்டி, நடுப்பகுதியைச் சும்மா விடணும். அக்குள், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம் மூன்றிலும் ஸ்பாஞ்சே கூடாது. மேலே எல்லாப் பக்கமும் இழுபடும் லைக்ரா துணி. அவ்ளோதான்.

இதுக்கு உடற்கூறு புத்தகம்கூட வேண்டாம். நம்ம ஊர் வெள்ளை நாயைப் பாருங்க. 2005-இல் தபால்தலையில் வந்த அதே ராஜபாளையம் நாய்தான். படுத்திருந்தால் வழவழன்னு இருக்கும். ஓடும்போதுதான் குட்டை ரோமத்துக்குக் கீழே தொடைச் சதை உருண்டு நகர்வது தெரியும். தசை என்பது மேடு மட்டும் இல்லை, அசைவும்தான்.

பணம் கொட்டி எடுக்கும் ஹாலிவுட்டே இதில் தடுமாறியிருக்கிறது. 1989 'பேட்மேன்' படத்தில் தசை வடித்த ரப்பர் உடையை மாட்டிய மைக்கேல் கீட்டனால் தலையைத் திருப்ப முடியவில்லை. திரும்பிப் பார்க்க உடம்பையே திருப்பினார். 1978 'சூப்பர்மேன்' படத்துக்கு கிறிஸ்டோபர் ரீவ் பஞ்சுத் தசை வேண்டாம்னு சொல்லி, உடற்பயிற்சி செய்து உடம்பை ஏற்றினார். அதே காலத்து டிவி ஹல்க்கோ, பச்சைச் சாயம் பூசிய நிஜ பாடிபில்டர் லூ ஃபெரிக்னோ.

சரி, பிறந்தநாள் விழாவுக்கு பாடிபில்டரைத் தேட முடியாது. என்ன செய்யலாம்? ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் மண்டபத் தூணில் இருக்கும் வீரபத்திரர் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்க. ஜிம் உடம்பு மாதிரி ஒவ்வொரு தசையையும் பிரித்துக் காட்டும் பழக்கம் நம் சிற்பிகளுக்குக் கிடையாது. ஆனாலும் பலம் தெரிகிறது. விரிந்த தோள், ஒடுங்கிய இடை, அகட்டி ஊன்றிய கால் என்று எல்லாம் வெளிக்கோட்டிலேயே வந்துவிடுகிறது. வட மாவட்டத் தெருக்கூத்தில் தோளில் கட்டும் மரப் புஜக்கட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. கூத்தாடியை அகலமாக்கும், ஆனால் கையைக் கட்டிப்போடாது, ஏன்னா அவர் விடிய விடிய ஆடணும்.

கார்ட்டூன் பாத்திரமும் கோட்டில் பிறந்ததுதானே? அதை 'நிஜமாக' ஆக்குகிறேன்னு வயிற்றில் எட்டுக் கட்டு வைப்பதைவிட, தோளுக்கும் இடைக்கும் உள்ள அளவைச் சரியாகப் பிடிப்பது மேல். ஸ்பாஞ்சும் பாதியாகக் குறையும்.

அந்தப் பாதி ஏன் முக்கியம்னு கேக் வெட்டினதுக்கு அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. மண்டபத்துக்குப் பின்னால், தலையைக் கழற்றி வைத்துவிட்டு ஹல்க் உட்கார்ந்திருந்தார். இருபது வயசுகூட இருக்காது. விரல்களும் ஸ்பாஞ்ச் என்பதால் பாட்டிலைப் பிடிக்க முடியவில்லை. கூட வந்த பையன்தான் வாயில் தண்ணீர் ஊற்றினான். கழுத்து வழியே தெரிந்த பனியன் பிழிந்தெடுத்த மாதிரி இருந்தது. நாங்கள் உள்ளே ஏசியில் இருந்தோம்.

பக்கத்திலிருக்கும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. காற்றுப் போகும், வியர்வையை உறிஞ்சும் அந்தத் துணியில் கழற்றித் துவைக்கிற மாதிரி ஒரு உள்லைனிங் போட்டால் என்ன? முதுகில் இரண்டு காற்றுத் துளை, விரல் திறந்த கையுறை. இதெல்லாம் பெரிய செலவே இல்லை.

அடுத்த தடவை வேஷக்காரரைக் கூப்பிடும்போது போட்டோவை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. இரண்டு கேள்வி கேளுங்க. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியுமா? தன் கையாலேயே தண்ணி குடிக்க முடியுமா?